வெள்ளியும் வெள்ளிக்கிழமையும்: செந்தூல் மாடியில் கூடிய ஒரு டெக்கன் கூட்டம்

கோலாலம்பூரின் செந்தூலில், ஜாலான் ஈப்போவை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடி. கீழே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. 2019ஆம் ஆண்டின் நடுவில் ஓர் இரவு, அந்த மாடித் தரையில், டெக்கன் என்ற சண்டை வீடியோ விளையாட்டை ஆடும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஒரு மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) நிறுவனம் நீட்டிய ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். மாதம் அறுநூறு வெள்ளி உதவித்தொகை, முதுகில் பெயர் அச்சிட்ட ஜெர்சி, வெளிநாட்டுப் போட்டிகளுக்கு விமான டிக்கெட் என்று முதல் மூன்று பக்கங்களைப் படித்ததும் எங்களுக்கு நாவில் நீர் ஊறியது. ஏழாம் பக்கத்தில் கடைக்கார அண்ணன் விரலை வைத்தார். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அணிப் பயிற்சி. நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வேறு எந்தப் போட்டியிலும் விளையாடக் கூடாது.

"வெள்ளியைக் கொடுத்து வெள்ளிக்கிழமையை வாங்கிக்கொள்கிறார்கள், தம்பி" என்றார் அண்ணன்.

ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்லும் ஊரில்தான் இந்தச் சிலேடை எடுபடும். எல்லாரும் சிரித்தோம். நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நான்கு கையெழுத்துகளுக்குப் பிறகு அந்த மாடிக்கு என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு.

போட்டி அட்டவணை எழுதுவது அங்கே என் வேலை. ஆட்டத்தில் நான் சுமார்தான். ஆனால் யார் வந்தார், யாரிடம் தோற்றார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று நோட்டுப்புத்தகத்தில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. ஸ்பான்சர் பெற்ற நிறுவனங்கள் போட்டி விளையாட்டுச் சமூகத்தை வளர்க்கின்றனவா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பதில் சொல்பவர்கள் அந்த நிறுவனங்களை நடத்துபவர்களாகவே இருக்கிறார்கள். படியேறி வந்து பத்து வெள்ளி கட்டி விளையாடியவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு எப்படி வரும் என்பதற்கு என்னிடம் அந்த நோட்டுப்புத்தகம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அது இன்று இல்லவும் இல்லை.

மாடி

டெக்கன் 7 வீட்டு விளையாட்டுக் கருவிகளுக்கு வந்தது 2017 ஜூன் மாதம். அண்ணன் தன் மகனுக்கென்று ஒரு பிளேஸ்டேஷன் 4 வாங்கினார். மகனுக்குக் காற்பந்தில்தான் ஆர்வம். கருவி சும்மா கிடக்கிறதே என்று மாடியில் வைத்தார். கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பையன்கள் விளையாடினார்கள். பழுது சரியான பிறகும் போகவில்லை. அது வெள்ளிக்கிழமைக் கூட்டமானது.

கட்டணம் பத்து வெள்ளி. அதில் ஆறு பரிசுக்கு, நான்கு அறைக்கு. அறைக்கு என்றால் மின்சாரம், குளிர்சாதனம், தண்ணீர்ப் பெட்டி. முதல் மூன்று இடங்களுக்கு எழுபது, இருபது, பத்து விழுக்காடு எனப் பரிசு பிரியும். ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டியதில்லை. தோற்றவர்களுக்கென்று தனி வரிசை உண்டு, இரண்டாம் முறை தோற்றால்தான் வீட்டுக்கு. இந்த இருதோல்வி முறை சண்டை விளையாட்டுக் கூட்டங்களின் உயிர்நாடி. கிள்ளானிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்தவன் பத்து நிமிடத்தில் தோற்றுத் திரும்பினால் மறுவாரம் வரமாட்டான்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. பதினாறு பேர் வந்தால் முப்பது அல்லது முப்பத்தோர் ஆட்டங்கள் ஆட வேண்டும். மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்ற கணக்கில் ஓர் ஆட்டத்துக்கு, உட்கார்ந்து எழும் நேரத்தையும் சேர்த்து, எட்டு நிமிடம் ஆகும். ஒரே திரை என்றால் மொத்தம் நான்கு மணி நேரம். கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் திருநீற்றோடு வருபவர்களும், இஷா தொழுகை முடித்து வரும் மலாய் நண்பர்களும் சேர்வதற்குள் ஒன்பது மணி ஆகிவிடும். நான்கு மணி நேரம் என்றால் முடிவதற்குள் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. செந்தூல் தீமோரிலிருந்து கடைசி எல்.ஆர்.டி. ரயில் போய்விட்டிருக்கும். இரண்டாவது திரை வந்த நாளில் பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அதுவரை வராத மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் கூட்டம் வளர்ந்ததற்கான முதல் காரணம், அண்ணன் வாடிக்கையாளர் ஒருவரிடம் கூலிக்குப் பதிலாக வாங்கிக்கொண்ட பழைய கணினித் திரை. இதை எந்த விளம்பரத் துண்டறிக்கையிலும் போட முடியாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வென்றவர், தோற்றவரிடம் ஒரு தவற்றையாவது சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். டெக்கன் ஒரு வினாடிக்கு அறுபது ஃபிரேம், அதாவது அறுபது படச் சட்டங்கள், ஓடும் ஆட்டம். பெரும்பாலான பாத்திரங்களின் மிக விரைவான குத்துக்குப் பத்து ஃபிரேம், அதாவது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு. எதிராளியின் எந்த அடியைத் தடுத்த பிறகு அந்தக் குத்து நிச்சயம் படும், எதற்குப் படாது என்பதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து கற்க மாதக்கணக்கில் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னால் ஐந்து நிமிடம். செத்தாப்பாக்கிலிருந்து வருவான் ஒரு தம்பி. முகமூடி மல்லன் கிங்கைத்தான் எப்போதும் எடுப்பான் என்பதால் கிங் என்றே பெயர். அவன் பிடியில் மாட்டாத கழுத்து அந்த மாடியில் இல்லை. அந்தப் பிடிகளிலிருந்து எந்தப் பொத்தானை அழுத்தித் தப்புவது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவனும் அவனே. சொல்லிக்கொடுத்துத் தன் வெற்றியைத் தானே கடினமாக்கிக்கொண்டான். அதனாலேயே அவனும் தேறினான்.

காற்று அடித்த காலம்

நிறுவனம் எங்களைத் தேடி வந்ததற்குச் சூழல் ஒரு காரணம். 2018 நவம்பரில் புக்கிட் ஜாலிலில் டோட்டா 2 விளையாட்டின் பெரிய சர்வதேசப் போட்டிகளில் ஒன்றான கோலாலம்பூர் மேஜர் நடந்தது. செந்தூல் தீமோரில் ஏறினால் வண்டி மாறாமல் புக்கிட் ஜாலில் போய்விடலாம். பாதி மாடி அன்று அந்த ரயிலில்தான் இருந்தது. இறுதியாட்டத்தில் ரஷ்யாவின் விர்டஸ் புரோ, டீம் சீக்ரெட்டை 3-2 என்று வென்றது. தோற்ற அணியில் நம் நாட்டு மிட்ஒன் ஆடினார். அரங்கமே அவர் பெயரைக் கத்தியது. அரங்கத்தின் பெயரும் அப்போது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர்தான், ஆக்சியாட்டா அரேனா. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு மின்விளையாட்டுக்கு ஒரு கோடி ரிங்கிட் ஒதுக்கியது. ஒப்பந்தம் வந்த பிறகும் காற்று நிற்கவில்லை: அந்த ஆண்டு நவம்பரில் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டின் முதல் உலகப் போட்டியும் அதே அரங்கில் நடந்தது. அதையடுத்துப் பிலிப்பைன்ஸில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் கொடுத்தார்கள். ஆறு ஆட்டங்களில் டெக்கன் 7 ஒன்று.

இவ்வளவு காற்று அடிக்கும்போது பட்டம் விட ஆள் வராமல் இருப்பார்களா? ஒரு நாற்காலி வியாபாரியும் ஓர் இணையச் சேவை முகவரும் பணம் போட, ஒரு நிறுவனம் கிளம்பியது. அதற்கு மொபைல் லெஜண்ட்ஸ் அணி ஒன்று, டெக்கன் அணி ஒன்று வேண்டியிருந்தது. டெக்கன் அணி எங்கள் மாடியில் தயாராக இருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கோபத்தில் மறந்துவிடுவேன். கிங் தம்பியின் அம்மா துப்புரவு மேற்பார்வையாளர். மகன் வெள்ளிக்கிழமைகளில் எங்கே போகிறான் என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் இருந்தது. செந்தூலில் வயதுப் பையன் இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பினால் எந்தத் தாய்க்கும் வரும் சந்தேகம்தான். முதுகில் பெயர் அச்சிட்ட ஜெர்சி வீட்டுக்கு வந்த நாளில் அவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மகனிடம் கொடுத்தார். மறுவாரம் எங்கள் மாடிக்கே வந்து, ஒரு பாத்திரம் நிறைய மீகூன் வைத்துவிட்டுப் போனார். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு துணி புரியவைத்தது. பெற்றோரின் ஒப்புதல் சமூக வளர்ச்சியில் சேராது என்று யாரும் சொல்ல முடியாது.

நான்கு பேரும் பாங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் விளையாடினார்கள். அவர்களில் யாரும் அதற்கு முன் விமானம் ஏறியதில்லை.

நோட்டுப்புத்தகம் சொல்வது

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பதினாறு முதல் இருபது பேர் வருவார்கள். செய்தி பரவியதும் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. ஏணிப்படியில் ஆள் நின்றார்கள். கீழே நாசி லெமாக் விற்கும் அக்காளுக்கு நல்ல வியாபாரம். நிறுவனத்தின் மேலாளர் வந்து படம் எடுத்து, "பாருங்கள், சமூகம் வளர்கிறது" என்று போட்டார். அந்தப் படம் பொய் இல்லை. ஆறு வாரத்துக்கு அது உண்மை.

வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை நான் தாமதமாகவே கவனித்தேன். ஐந்தாவது ஜெர்சி யாருக்கு என்பதே அவர்கள் கேள்வி. ஆனால் அவர்கள் யாரை வென்று தங்களைக் காட்ட வேண்டுமோ அந்த நால்வரும் மாடியில் இல்லை. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நிறுவனம் வாடகைக்கு எடுத்த வீட்டில், ஒருவரோடொருவர் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் வாரம் தோற்ற புதியவனுக்குத் தவற்றைச் சொல்லித்தர ஆள் இல்லை. இரண்டாம் வாரம் தோற்றான். மூன்றாம் வாரம் வரவில்லை. மேலே நான்கு பேர் போனார்கள் என்று நினைத்தோம். உண்மையில் வாத்தியார் நால்வர் போயிருந்தார்கள்.

கூட்டத்தின் பேச்சும் மாறியது. நர்சிங் படிக்கும் தங்கை ஒருத்தி தன் அண்ணனோடு வந்து விளையாடுவாள். லில்லி என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அமைதியாக உட்காருவாள், ஐந்தாம் இடத்துக்குக் கீழே அபூர்வமாகவே இறங்குவாள். புதிதாக வந்தவர்களில் சிலருக்கு ஒரு பெண்ணிடம் தோற்பதைத் தாங்க முடியவில்லை, வாய் நீண்டது. பழைய கூட்டத்தில் கிங் தம்பி ஒரு முறை முறைத்தால் போதும். இப்போது முறைக்க ஆள் இல்லை. அவள் வருவதை நிறுத்திய வாரத்தை நான் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் தவறா என்று கேட்டால், இல்லை. நான் எழுந்து பேசியிருக்கலாம், பேசவில்லை. ஆனால் கூட்டத்தை ஒழுங்கில் வைத்திருந்த மனிதர்களைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் இதுதான் நடக்கும்.

நிறுவனம் ஒரு பேரங்காடியில் போட்டி வைத்தது. முதல் பரிசு ஐயாயிரம் வெள்ளி, பெரிய திரை, வர்ணனையாளர், பானம் இலவசம். அதைக் குறை சொல்ல மனம் வராது, நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் வென்றது நிறுவனத்தின் சொந்த அணிக்காரர். ஐயாயிரம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போனது. மறுவாரம் எங்கள் மாடியில், அறுபது வெள்ளிப் பரிசுக்கு விளையாட வேண்டுமா என்று ஒருவன் கேட்டான். அதற்கு முன் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் ஒன்பது பெயர்கள்.

வேறு ஊர்க் கணக்குகள்

எங்கள் மாடி மட்டும்தான் இப்படியா என்று பிறகு யோசித்தேன். 2013இல் சியாட்டிலில் நடந்த, டோட்டா 2இன் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலில் மலேசியாவின் ஆரஞ்சு இ-ஸ்போர்ட்ஸ் மூன்றாம் இடம் பிடித்தது. டோட்டா ஆடிய நம் பையன்கள் எல்லாரும் அன்று அரை அடி உயர்ந்தார்கள். அந்த அணியின் நட்சத்திரம் மூஷி அதே ஆண்டு சீனாவின் டிகே அணிக்குப் போனார். அதில் பிழை ஏதும் இல்லை, திறமை கூடுதல் விலை இருக்கும் இடத்துக்குப் போகும். ஆனால் அணியின் பெருமைதான் சமூகத்தின் அடித்தளம் என்று நம்பியவர்களுக்கு அன்று தரை நகர்ந்திருக்கும்.

பணத்தின் நிலையாமைக்கு அமெரிக்காவில் பெரிய உதாரணம் உண்டு. 2021இல் டிஎஸ்எம் என்ற அணி எஃப்டிஎக்ஸ் என்ற மின்நாணய நிறுவனத்தோடு பத்தாண்டுகளுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுத் தன் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானது. பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றரை ஆண்டில் முடிந்தது. எங்கள் நாற்காலி வியாபாரி கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லாகூர். 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில், அதுவரை உலக டெக்கன் வரைபடத்திலேயே இல்லாத பாகிஸ்தானிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் வந்து பட்டம் வென்றார். ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த ஈவோவையும் வென்றார். தன்னைவிடக் குறையாத ஆட்டக்காரர்கள் தன் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அவர்கள் வந்து நிரூபித்தார்கள். அவர்கள் விளைந்த இடம் லாகூரின் விளையாட்டுக் கடைகள். நாள் முழுக்கத் தோற்று, மறுநாள் திரும்பி வந்து தோற்கும் இடங்கள். அதே சமயம், அர்ஸ்லான் ஜப்பானில் ஆடியபோது அவர் பெயருக்கு முன்னால் ஓர் ஆதரவு நிறுவனத்தின் பெயர் இருந்தது. விசாவும் டிக்கெட்டும் ஒரு லாகூர் பையனுக்கு எத்தனை பெரிய மலை என்பது நம் பையன்களுக்குத் தெரியும். ஆட்டக்காரனை உருவாக்கியது கடை, உலகத்துக்குக் காட்டியது நிறுவனம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

ஈவோவும் அப்படித்தான். 1996இல் கலிஃபோர்னியாவில் நாற்பது பேர் அளவில் தொடங்கிய கூட்டம் அது. சோனி இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து அதை வாங்கியது 2021இல், அதாவது கூட்டம் தானாகக் கால் நூற்றாண்டு வளர்ந்த பிறகு.

மொபைல் லெஜண்ட்ஸுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே கருவி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. திரைப் பஞ்சம் இல்லை. தொடரை நடத்துவது விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே. அணிகள் இல்லாமல் தொடர் இல்லை. 2024 ஜூலையில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்தில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வென்று பத்து லட்சம் டாலர் பரிசோடு வந்தபோது, எங்கள் தெருப் பொடியன்கள் எல்லாரும் கைப்பேசியும் கையுமாகத்தான் இருந்தார்கள். எங்கள் மாடிக்கு அதனால் ஒருவர்கூடக் கூடுதலாக வரவில்லை. கீழே அண்ணன் கடையில் மட்டும் மின்கலம் மாற்ற வரிசை நின்றது.

பூட்டும் திறப்பும்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நிறுவனம் ஏப்ரல் மாத உதவித்தொகையைத் தாமதித்தது, மே மாதத்தை மறந்தது, பிறகு கைப்பேசி எண்ணையே மாற்றிக்கொண்டது. மாடி மட்டும் இருந்தது. ஊர் முழுக்க வீட்டிலிருந்து கைப்பேசியில் வேலை பார்த்ததால் பழுதுபார்க்கும் வியாபாரம் நன்றாக நடந்தது. அண்ணன் மாடி வாடகையை விடாமல் கட்டினார். சமூகத்தின் உண்மையான ஸ்பான்சர் அவர்தான் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "வாடகை கட்டினேன், அவ்வளவுதான்" என்பார்.

மீண்டும் திறந்தபோது நால்வரில் இருவர் திரும்பினார்கள். ஒருவர் ஜோகூரில் தங்கிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். ஒருவர் விளையாட்டையே விட்டுவிட்டார்; ஏன் என்று கேட்டபோது, சம்பளத்துக்கு ஆடிய பிறகு சும்மா ஆட முடியவில்லை என்றார். ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாத விலை அது.

கிங் தம்பி திரும்பி வந்தவர்களில் ஒருவன். இங்கேதான் என் தீர்ப்பு கொஞ்சம் ஆடிப்போகிறது. பாங்காக்கில் தாய்லாந்து, கொரிய ஆட்டக்காரர்களிடம் அவன் வாங்கிய அடிகள் எல்லாம் அவன் தலையில் இருந்தன. எதிராளி எழுந்திருக்கும் நேரத்தில் அவனை எப்படி அடைத்துவைப்பது, சுவரோரம் எதைத் துணிவது, எப்போது ஒன்றுமே செய்யாமல் நிற்பது. அந்த வெள்ளிக்கிழமைகளில் மாடியின் தரம் கண்ணெதிரே உயர்ந்தது. நாங்கள் பத்து வெள்ளி கட்டி எத்தனை ஆண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த அறிவு படியேறி வந்திருக்காது. அந்த விமான டிக்கெட்டை வாங்கியது நிறுவனம்தான். மூன்று ஆண்டு தாமதமாக, நிறுவனமே செத்த பிறகு, அதன் பலன் மாடிக்கு வந்துசேர்ந்தது. அவன் வெள்ளிக்கிழமைகள் அவனிடமே இருந்திருந்தால் மறுவாரமே வந்துசேர்ந்திருக்கும்.

டெக்கன் 8

2024 ஜனவரி 26இல் டெக்கன் 8 வெளியானது. பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடாது. ஒரே நாளில் எங்கள் கருவிகள் எல்லாம் காட்சிப் பொருள்களாயின. புதிய பிளேஸ்டேஷன் 5 ஒன்று இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். இரண்டாவது வேண்டும், விளையாட்டு வேறு வாங்க வேண்டும். நான்கு வெள்ளி அறைப் பங்கில் அதைச் சேர்க்க ஆண்டுகள் ஆகும். சண்டை விளையாட்டுக் கூட்டங்கள் சத்தமில்லாமல் சாவது இப்படித்தான், புதிய பாகம் வரும் ஆண்டில்.

ஆளுக்கு நூறு வெள்ளி போடுவதென்று முடிவானது. யாரோ அதைக் கூட்டு, அதாவது சீட்டு, என்றார்கள். அண்ணன் உடனே, "அந்தச் சொல்லைச் சொல்லாதே, அதற்குச் சட்டம் இருக்கிறது" என்றார். உண்மைதான். கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று 1971இல் போட்ட மலேசியச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் சொல் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் போட்டது சுழற்சிக் கூட்டு அல்ல, வெறும் நன்கொடை. இருந்தாலும் நோட்டுப்புத்தகத்தில் "சந்தா" என்று எழுதிவைத்தேன். ஒரு கருவி வந்தது.

இரண்டாவது கருவியையும் இரண்டு திரைகளையும் கொடுத்தவர் கல்யாணச் சமையல் தொழில் செய்யும் ஒருவர். அவர் மருமகன் எங்கள் கூட்டத்தில் ஆடுபவன். அவர் விதித்த ஒரே நிபந்தனை, மாடிப்படிச் சுவரில் தன் கடையின் சுவரொட்டியை ஒட்ட வேண்டும். ஒட்டினோம். சோற்றுப் பானைக்கும் டெக்கனுக்கும் என்ன தொடர்பு என்று புதிதாக வருபவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

தைப்பூசத்துக்கு முன்னிரவு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பதாகை தொங்கும். பந்தலுக்காக யாரும் நடப்பதில்லை, ஆனால் பந்தல் இல்லாவிட்டால் பாதிப் பேர் வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். முக்கியமான விஷயம், எந்தப் பந்தல்காரரும் நல்ல காவடி நான்கைப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, எங்கள் பந்தலுக்குள் மட்டும் ஆடுங்கள் என்று சொல்வதில்லை. சமையல்காரர் போட்டது பந்தல். நாற்காலி வியாபாரி செய்தது மற்றது.

நான்கு திரைகள் இருந்தால் முப்பத்திரண்டு பேரின் அறுபத்து மூன்று ஆட்டங்களையும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக முடித்துவிடலாம். எங்களிடம் இப்போது இரண்டு கருவிகள். மூன்றாவது இரவல் வரும் நாள்களில் மூன்று. இருபதைத் தாண்டுகிறோம். லில்லி ஆடும் தங்கை இப்போது மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். இரவுப் பணி இல்லாத வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். வாய் நீண்டால் எழுந்து பேசும் வேலை இப்போது என்னுடையது.

சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தின் ஆள் படியேறி வந்தார். கையில் ஒப்பந்தம், கண் கிங் தம்பி மேலும் பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் மேலும். அண்ணன் அவரிடம் பெயரைக் கேட்டு என்னை அட்டவணையில் எழுதச் சொன்னார். கட்டணம் பத்து வெள்ளி. அவரும் கட்டினார், பொடியனிடம் 2-0 என்று தோற்றார், தோற்றவர் வரிசையில் என்னிடமும் தோற்றார். பொடியன் வழக்கப்படி அவருடைய தவற்றைச் சொன்னான்: ஒவ்வொரு முறை தடுத்த பிறகும் அவசரப்படுகிறீர்கள், அண்ணா.

பிறகு மூவரும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்கள். இந்த முறை பயிற்சி நாள் வியாழன் என்று இருந்தது. வேறு போட்டிகளில் ஆடக் கூடாது என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. கிங் தம்பி பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தான். வந்தவர் தன் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் பதில் இல்லை. ஆனால் போகும்போது, வரும் வெள்ளிக்கிழமைக்கும் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லி பத்து வெள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.